ஒரு துண்டு நினைவகம்: கணினிக்கு ரேம் கூட்டிய கதை

1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் 'ஆப்பிள் II' கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 4 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியின் விலை 1,298 டாலர். 48 கிலோபைட் கொண்ட கணினியின் விலை 2,638 டாலர். இரண்டுக்கும் அதே பெட்டி, அதே விசைப்பலகை, அதே செயலி. கூடுதலாகக் கிடைப்பது 44 கிலோபைட் நினைவகம் மட்டுமே. அதற்கு 1,340 டாலர்! அதாவது, ஒரு முழுக் கணினியின் விலையை விட அதில் கூட்டிக்கொள்ளும் நினைவகத்தின் விலை அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிதான் நினைவுக்கு வரும்.

இன்று 16 ஜிகாபைட் ரேம் கொண்ட கணினி யாரையும் வியக்க வைப்பதில்லை. அது அந்த 48 கிலோபைட்டைப் போல ஏறத்தாழ மூன்றரை லட்சம் மடங்கு! இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டால், தொழில்நுட்பம் வளர்ந்தது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி வணிகத்தில் இருக்கிறது. யார் செய்த ரேமையும் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி, தன் கணினியில் தன் கையாலேயே மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இயற்கையாக வந்தது அல்ல. அது உருவாக்கப்பட்டது. அதைப் பறிக்கவும் முயற்சி நடந்தது. இன்று அது மெல்ல மெல்லக் கைநழுவிக்கொண்டும் இருக்கிறது.

வாடகைக்கு வந்த நினைவகம்

1950-களிலும் 60-களிலும் கணினியின் நினைவகம் என்பது காந்த வளையங்களால் ஆனது. கடுகைப் போலச் சிறிய ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து, வலை போலப் பின்னுவார்கள். ஒரு வளையத்தில் ஒரு பிட். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1953-இல் 'வேர்ல்விண்ட்' கணினியில் இந்த முறை பயன்பாட்டுக்கு வந்தது. வளையங்களைக் கோக்கும் நுணுக்கமான வேலையைப் பெரும்பாலும் பெண்கள் கையாலேயே செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் மாடல் 30 என்ற கணினிக்கு 8 முதல் 64 கிலோபைட் வரை நினைவகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய கணினிகளை வாங்கியவர்களை விட மாத வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். நினைவகம் போதவில்லை என்றால் நிறுவனத்தின் பொறியாளர் வருவார், பொருத்துவார், போவார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை உயரும். பயன்படுத்துபவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் அல்லவா, அந்தக் கதைதான்!

டென்னார்டின் ஓட்டைக் குடம்

இந்த நிலையை மாற்றப்போகும் யோசனை அதே ஐ.பி.எம். நிறுவனத்துக்குள்ளேயே பிறந்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளர் 1966-இல் ஒரு பிட்டைச் சேமிக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இதுதான் டிராம் எனப்படும் டைனமிக் ரேம். 2024-இல் டென்னார்டு மறைந்தபோதும் உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் அவருடைய அந்த யோசனையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்தேக்கியில் நிரப்பிய மின்னூட்டம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். எனவே அதை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். பிற்காலத்து ரேம்களில் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் எல்லா அறைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதிவிடுவார்கள். மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு! இருந்தாலும் இந்த ஓட்டைக் குடம்தான் வென்றது. காரணம், அது மிகச் சிறியது. ஒரே அளவு சிலிக்கானில் மற்ற வகைகளை விட அதிக பிட்டுகளை அடைக்கலாம். அதிகம் அடைத்தால் ஒரு பிட்டின் விலை குறையும்.

ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் 1968-இல் தொடங்கிய இன்டெல் நிறுவனம் 1970 அக்டோபரில் '1103' என்ற டிராம் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 1,024 பிட்டுகள். இரண்டே ஆண்டுகளில், 1972-இல், உலகிலேயே அதிகம் விற்ற நினைவகச் சிப் அதுதான். காந்த வளையங்களின் காலம் முடியத் தொடங்கியது. இன்டெல் என்றால் இன்று எல்லோருக்கும் செயலிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறுவனம் முதலில் காலூன்றியது நினைவகத்தை விற்றுத்தான்.

432 கால்கள்

ஆப்பிள் II கணினியின் தாய்ப்பலகையில் வரிசைக்கு எட்டாக மூன்று வரிசைகள், மொத்தம் 24 நினைவகச் சாக்கெட்டுகள் இருந்தன. குறைந்த விலைக் கணினியை வாங்கியவர் பிறகு கையில் பணம் சேர்ந்ததும் சிப்களை வாங்கித் தானே பொருத்திக்கொள்ளலாம். வாடகைக் காலம் போய், சொந்த வீட்டுக்காலம் வந்துவிட்டது!

ஆனால் சொந்த வீட்டில் ஆணி அடிப்பதும் அவ்வளவு எளிதாக இல்லை. 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யை எடுத்துக்கொள்ளலாம். அடிப்படை மாடலில் 16 கிலோபைட். தாய்ப்பலகையிலேயே அதை 64 கிலோபைட் வரை உயர்த்தலாம். ஒவ்வொரு 16 கிலோபைட்டுக்கும் ஒன்பது சிப்கள் வேண்டும். எட்டு தகவலுக்கு, ஒன்பதாவது பிழை கண்டுபிடிக்க. முதல் ஒன்பது சிப்களும் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருக்கும். மீதி 27 சிப்களைப் பயனாளர் பொருத்த வேண்டும். ஒரு சிப்புக்கு 16 கால்கள். மொத்தம் 432 கால்கள்! அதில் ஒரு கால் மடங்கினாலும், ஒரு சிப் தலைகீழாக மாறி உட்கார்ந்தாலும் கணினி திரையில் 201 என்ற பிழை எண்ணைக் காட்டி நிற்கும். இதோடு, எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைத் தாய்ப்பலகையில் உள்ள குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளித் தெரிவிக்கவும் வேண்டும். விரல் நுனியில் இருக்கும் நிலைமின்சாரமே ஒரு சிப்பைக் கொன்றுவிடும் என்ற பயம் வேறு.

64-க்கு மேல் வேண்டுமென்றால் விரிவாக்க அட்டை வாங்க வேண்டும். அந்தச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது ஏ.எஸ்.டி. ரிசர்ச் என்ற நிறுவனம். 1980-இல் அமெரிக்காவில் குடியேறிய மூன்று நண்பர்கள் தொடங்கியது. ஆல்பர்ட் வோங், பாகிஸ்தானிலிருந்து வந்த சஃபி குரேஷி, தாமஸ் யுவன் ஆகியோரின் பெயர்களின் முதல் எழுத்துகளே நிறுவனத்தின் பெயர். அவர்களுடைய 'சிக்ஸ்பேக் பிளஸ்' அட்டையில் 384 கிலோபைட் வரை நினைவகம் பொருத்தலாம். கடிகாரம், பிரிண்டர் இணைப்பு எல்லாம் அதே அட்டையில் வந்ததால் மற்ற இடங்கள் மிச்சமாகின. ஐ.பி.எம். கணினியில் ஐ.பி.எம். அல்லாத நினைவகம் என்பது இப்படித்தான் சாதாரண விஷயம் ஆனது.

சிம் வந்த நேரம்

432 கால்கள் என்ற தொல்லைக்கு முடிவு கட்டியது வாங் லேபரட்டரீஸ் நிறுவனம். 1983-இல் அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் கிளேட்டன் ஒன்பது சிப்களையும் ஒரே சிறிய அட்டையில் பற்றவைத்து, அடியில் 30 தொடுமுனைகள் வைத்தார். இதுதான் சிம் எனப்படும் நினைவக அட்டை (கைப்பேசியில் போடும் சிம் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). சாய்வாக நுழைத்து நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் கிளிப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை!

இதன் வணிகப் பொருள் என்ன? சிப் தயாரிக்க பெரிய தொழிற்சாலை வேண்டும். ஆனால் சிப்களை வாங்கி அட்டையில் பற்றவைத்து விற்க சிறிய முதலீடு போதும். எனவே சிப் தயாரிக்காதவர்களும் நினைவக வியாபாரத்துக்குள் வர முடிந்தது. அட்டையின் அளவும் தொடுமுனைகளின் வரிசையும் ஒன்றாக இருந்ததால் எந்த நிறுவனத்தின் அட்டையும் எந்தக் கணினியிலும் பொருந்தியது. அரிசி, பருப்பு போல நினைவகமும் ஒரு பொதுச் சரக்காக மாறியது. பின்னாளில் வாங் நிறுவனம் தன் காப்புரிமையைக் காட்டித் தோஷிபா, என்.ஈ.சி. ஆகியவற்றின் மீது வழக்குப் போட்டு வென்றது. ஆனால் மிட்சுபிஷியுடனான வழக்கில், அந்த நிறுவனத்தைச் சிம் தயாரிக்கத் தூண்டியதே வாங்தான் என்பதால் மறைமுக உரிமம் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1997-இல் நீதிமன்றம் கூறிவிட்டது.

விலையை ஆட்டிய ஒப்பந்தம்

பொதுச் சரக்கு என்றால் விலை ஏறும், இறங்கும். 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் டிராம் சிப்களைக் குவித்தன. விலை சரிந்தது. டிராமைச் சந்தைக்குக் கொண்டுவந்த இன்டெல் நிறுவனமே 1985-இல் அந்தத் தொழிலை விட்டு விலகியது. இடாஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவரின் முதலீட்டில் வளர்ந்த மைக்ரான் நிறுவனம் அதே ஆண்டு, ஜப்பானியர் அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று அமெரிக்க அரசிடம் முறையிட்டது.

1986 செப்டம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் குறைகடத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குறிப்பிட்ட நியாய விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறி 1987 ஏப்ரலில் அதிபர் ரீகன் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருட்கள் மீது 100 சதவீத வரி விதித்தார். விளைவு? விலைக்குத் தரை போட்டார்கள், உற்பத்தியும் சுருங்கியது, 1988-இல் உலகெங்கும் டிராம் பஞ்சம்! தயாரிப்பாளரைக் காப்பாற்றப் போட்ட ஒப்பந்தத்தின் பில் கடைசியில் கணினி வாங்குபவரிடம் வந்தது. பொருளாதாரப் பாடத்தில் படிக்கும் குறைந்தபட்ச விலைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஒருவரின் பஞ்சம் இன்னொருவரின் வாய்ப்பு. ஜான் டூ, டேவிட் சன் என்ற இருவர் தங்கள் முதல் நிறுவனத்தை ஏ.எஸ்.டி.க்கு விற்றுக் கிடைத்த பணத்தை 1987 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவில் இழந்தார்கள். அப்போது அட்டையின் மேற்பரப்பில் பற்றவைக்கும் புதிய வகைச் சிப்களுக்குக் கடும் தட்டுப்பாடு. பழைய வகை, துளையில் சொருகும் சிப்கள் கிடைத்தன. அவற்றை வைத்தே சிம் அட்டை செய்தால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் கிங்ஸ்டன் நிறுவனம். 1996-இல் அதன் 80 சதவீதப் பங்குகளை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 150 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் 10 கோடி டாலரைத் தங்கள் ஊழியர்களுக்கு ஒதுக்கினார்கள். 1999-இல் அதே பங்குகளை 45 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கிவிட்டார்கள்! சிப் தயாரிக்காமலேயே சிப் உலகில் பெரிய ஆளாகலாம் என்பதற்கு இவர்களே சாட்சி.

விபத்தும் ஏமாற்றும்

1993 ஜூலை 4-ஆம் தேதி ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் வெடிவிபத்து ஏற்பட்டது. அங்கே சிப் தயாரிக்கவில்லை. சிப்களை மூடும் கருப்பு உறைக்கான எபாக்சி பிசினைத்தான் தயாரித்தார்கள். ஆனால் உலகத் தேவையில் பாதிக்கும் மேல் அந்த ஓர் ஆலையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. செய்தி பரவியதும் ரேம் விலை எகிறியது. பல ஆயிரம் மைல் தூரத்தில் ஒரு மாணவன் வாங்க நினைத்த 4 மெகாபைட் ரேம் ஒரே வாரத்தில் எட்டாக்கனி ஆனது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது இதுதான்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. 4 மெகாபைட் போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், 8 மெகாபைட்டாவது இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது. ரேம் விலையோ இன்னும் இறங்கவில்லை. இந்தச் சூழலில் சின்க்ரோனிஸ் என்ற நிறுவனம் 'சாஃப்ட்ரேம் 95' என்ற மென்பொருளை விற்றது. இதை நிறுவினால் ரேம் இரட்டிப்பாகும் என்பது விளம்பரம். ஆறு லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது விண்டோஸ் 95-இல் அது எதையும் இரட்டிப்பாக்கவில்லை என்று தெரிந்தது. 1996-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆசை எங்கே இருக்கிறதோ அங்கே ஏமாற்றும் இருக்கும். ரேம் கூட வேண்டும் என்ற ஆசை அந்த அளவுக்கு இருந்திருக்கிறது!

ஸ்லாட்டுக்கு நடந்த சண்டை

90-களின் இறுதியில் நினைவகம் செயலியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. அடுத்த வகை எது என்ற கேள்வி எழுந்தது. ஒரு பக்கம் ஜெடெக் என்ற தர அமைப்பு. பல நிறுவனங்களும் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடம் அது. மறுபக்கம் 1990-இல் தொடங்கப்பட்ட ராம்பஸ் நிறுவனம். சொந்தமாக எதையும் தயாரிக்காமல், தன் வடிவமைப்புக்கு உரிமத்தொகை வாங்குவதே அதன் தொழில். 1996-இல் இன்டெல் ராம்பஸ் பக்கம் சாய்ந்தது.

1999 நவம்பரில் ராம்பஸ் நினைவகத்துக்கான இன்டெல் 820 சிப்செட் வந்தது. விலை அதிகமான அந்த ரேமை மக்கள் விரும்பவில்லை. சாதாரண ரேமையும் அதில் பயன்படுத்த ஓர் இணைப்புச் சிப்பை இன்டெல் கொடுத்தது. அதில் கோளாறு இருந்ததால் 2000 மே மாதம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 வந்தபோதும் ராம்பஸ் ரேம்தான். செயலியின் பெட்டியிலேயே அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காலியான ஸ்லாட்டை அப்படியே விடக் கூடாது, அதில் ஒரு வெற்று அட்டையையாவது சொருக வேண்டும் என்ற கூடுதல் தொல்லையும் இருந்தது.

இதற்கிடையே ஜெடெக் 2000-ஆம் ஆண்டில் டி.டி.ஆர். தரத்தை வெளியிட்டது. விலை குறைவு, யாரும் தயாரிக்கலாம். 2001 இறுதிக்குள் பென்டியம் 4 கணினிகள் சாதாரண எஸ்.டி.ராமுக்கும், 2002-இல் டி.டி.ஆர். நினைவகத்துக்கும் மாறத் தொடங்கின. சந்தையில் ராம்பஸ் தோற்றது. ஆனால் சும்மா இருக்கவில்லை. முன்பு ஜெடெக்கில் உறுப்பினராக இருந்து 1996-இல் விலகிய அந்நிறுவனம், எஸ்.டி.ராம், டி.டி.ஆர். இரண்டிலும் தன் காப்புரிமை இருக்கிறது என்று வழக்குகளைத் தொடுத்தது. அந்த வழக்குகள் பல ஆண்டுகள் நீடித்தன.

பொதுத் தரம் வென்றதால் வாடிக்கையாளர் வென்றார் என்று கதையை முடித்துவிடலாமா? முடியாது! பொதுச் சரக்கை விற்றவர்களே 1999-க்கும் 2002-க்கும் இடையே இரகசியமாகப் பேசி விலையை நிர்ணயித்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை கண்டுபிடித்தது. 2004-இல் இன்ஃபினியான் 16 கோடி, 2005-இல் ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி, 2006-இல் எல்பிடா 8.4 கோடி டாலர் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின. மொத்தம் 72.9 கோடி டாலர். சில அதிகாரிகள் சிறைக்கும் போனார்கள். விசாரணைக்கு ஒத்துழைத்த மைக்ரான் மட்டும் அபராதத்திலிருந்து தப்பியது. ஒரு பொருள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, அதை விற்பவர்களுக்குள் போட்டியும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே இதில் கிடைத்த பாடம்.

ஒரு பள்ளம் சொல்லும் செய்தி

கடையில் ரேம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது.

முதலாவது, தலைமுறை. ரேம் அட்டையின் அடிப்பகுதியில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். டி.டி.ஆர்., டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் பள்ளத்தின் இடம் மாறும். இது அழகுக்காக அல்ல. டி.டி.ஆர். 2.5 வோல்ட்டில் ஓடியது. அடுத்தடுத்த தலைமுறைகள் 1.8, 1.5, 1.2 என்று இறங்கி, 2020-இல் தரம் வெளியான டி.டி.ஆர்.5-இல் 1.1 வோல்ட் ஆனது. தவறான அட்டை தவறான மின்னழுத்தத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான காவல்தான் அந்தப் பள்ளம். எனவே உள்ளே போகவில்லை என்றால் பலத்தைக் காட்டக் கூடாது. ஒன்று அட்டை திரும்பியிருக்கிறது, அல்லது அது அந்தக் கணினிக்கானது அல்ல.

இரண்டாவது, ஜோடி. முதல் பென்டியம் செயலிகள் ஒரே நேரத்தில் 64 பிட்டுகளை எடுத்தன. 72 முனைச் சிம் அட்டையோ 32 பிட்டுகளைத்தான் கொடுத்தது. எனவே இரண்டிரண்டாகத்தான் மாட்ட முடியும். 64 பிட் கொடுக்கும் டிம் அட்டை வந்ததும் அந்தக் கட்டாயம் போனது. பின்னாளில் இரட்டைத் தடம் என்ற முறையில் ஜோடி திரும்பி வந்தது. இது கட்டாயம் அல்ல, வேகத்துக்காக. ஒரே மாதிரியான இரண்டு 4 ஜிகாபைட் அட்டைகள் பல வேலைகளில் ஒற்றை 8 ஜிகாபைட் அட்டையை விட வேகமாக இருப்பது இதனால்தான்.

மூன்றாவது, உச்சவரம்பு. 32 பிட் முகவரியால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. அதிலும் ஒரு பகுதியை வீடியோ அட்டை போன்றவை எடுத்துக்கொள்ளும். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் விஸ்டாவிலும் ஆசையாக 4 ஜிகாபைட் வாங்கிப் போட்ட பலர், கணினி மூன்று சொச்சம் மட்டும் காட்டியதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனதுண்டு. தவறு ரேமில் இல்லை, எண்ணிக்கையில்!

பொருத்தும் வேலை மட்டும் சிம் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு நிலைமின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நேராக வைத்து, இரண்டு முனைகளையும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று கிளிப் பிடிக்கும். 432 கால்களில் தொடங்கிய பயணம் அந்த ஒரு சத்தத்தில் வந்து நிற்கிறது.

ரிட்சி தெரு வரை

இந்தியா 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்தது. அதன்படி கணினி உதிரிபாகங்கள் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பூஜ்யமானது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெரு போன்ற சந்தைகள் 2000-களில் களைகட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். பிராண்டட் கணினி வாங்க முடியாத குடும்பங்கள் உதிரிபாகங்களை வாங்கி அசெம்பிள் செய்துகொண்டன. முதலில் 128 மெகாபைட், அடுத்த தீபாவளிக்கு இன்னொரு 128 என்று தவணை முறையில் கணினி வளர்ந்தது. புதுக் கணினி வாங்கும் செலவில் ஒரு சிறு பங்கை வைத்துப் பழைய கணினிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயுள் கூட்டலாம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சாதாரண விஷயம் அல்ல. ஜெடெக் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அந்தப் பொதுத் தரத்தின் பலன் வந்து சேர்ந்தது.

மீண்டும் பற்றவைப்பு

வரலாறு வட்டமடிக்கும் என்பார்கள். 2008 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏர் மடிக்கணினியில் 2 ஜிகாபைட் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. 2012-இல் ரெடினா திரை கொண்ட மேக்புக் ப்ரோவும் அதே வழியில் போனது. மற்ற நிறுவனங்களின் மெல்லிய மடிக்கணினிகளும் பின்தொடர்ந்தன. 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1-இல் நினைவகம் செயலியோடு ஒரே உறைக்குள்ளேயே போய்விட்டது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, அதை மறுக்க முடியாது. கம்பி குறுகினால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும், மடிக்கணினி மெலியும். ஆனால் வணிகக் கணக்கும் கூடவே வருகிறது. வாங்கும் அன்றே எவ்வளவு ரேம் என்று முடிவு செய்ய வேண்டும், தயாரிப்பாளர் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். பிறகு போதவில்லை என்றால் முழுக் கணினியையும் மாற்ற வேண்டும். ஆப்பிள் II வாங்கியவருக்காவது 24 சாக்கெட்டுகள் இருந்தன!

இதற்கு மாற்றாக 2023 டிசம்பரில் ஜெடெக் 'கேம்2' என்ற புதிய அட்டைத் தரத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையோடு தட்டையாக ஒட்டிப் படுத்து, திருகால் இறுக்கப்படும் இந்த அட்டை, மெல்லிய மடிக்கணினியிலும் ரேமைக் கழற்றி மாட்ட வழி செய்கிறது. 2024-இலேயே சில மடிக்கணினிகளில் வந்தும் விட்டது. பரவுமா என்பதைச் சந்தைதான் முடிவு செய்யும்.

ஆனால் சந்தையும் சுருங்கிவிட்டது. 2009-இல் கிமோண்டா திவாலானது. 2012-இல் எல்பிடா திவாலாகி, அடுத்த ஆண்டு மைக்ரான் கைக்குப் போனது. உலகின் டிராமில் பெரும்பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களின் கையில் வந்து சேர்ந்தது. 2025-இல் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போனதால் சில்லறை ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. அந்த டிசம்பரில், 1996 முதல் 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்கள் வரிசையில் முன்னால் நிற்கும்போது, ஒற்றை அட்டை கேட்டு வரும் சாதாரண ஆள் கடைசிக்குப் போவது வணிக இயல்பு.

1964-இல் நினைவகம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் பொறியாளருக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் சில பத்தாண்டுகள் மட்டும், ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும் என்ற காலம் இருந்தது. அந்தக் காலத்தை உருவாக்கியது ஒரு சிப் மட்டும் அல்ல, ஸ்லாட் எப்படி இருக்க வேண்டும் என்று போட்டியாளர்களே ஒரு மேசையில் உட்கார்ந்து செய்துகொண்ட உடன்பாடு. அது கலைந்தால் நஷ்டம், பழைய கணினிக்கு இன்னும் இரண்டு ஆண்டு உயிர் கொடுக்க நினைப்பவருக்குத்தான். அடுத்த முறை மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் திரையின் அளவையும் நிறத்தையும் கேட்பதோடு, 'இதில் ரேம் மாற்ற முடியுமா?' என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்பவர்கள் இருக்கும் வரைதான் ஸ்லாட்டும் இருக்கும்!